எட்டுக்கு நாலு பலகையும் இரண்டு பாயின்ட்களும்

மாடல் ரயில் என்று பேச்செடுத்தாலே நம் ஊரில் முதலில் வரும் பதில், "ஆசை இருக்கு சார், இடம்தான் இல்லை." இந்தப் பதில் ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது. சொல்பவர் சாக்குச் சொல்லவில்லை. அவர் மனதில் இருப்பது எட்டடிக்கு நாலடி ப்ளைவுட், அதன் மேல் முட்டை வடிவத்தில் ஒரு தண்டவாளம், நடுவில் ஒரு மலை, ஒரு சுரங்கம். பெட்டியில் வரும் ஸ்டார்ட்டர் செட்டும் வட்டமாகத்தான் ஓடும் என்பதால் இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் நுழைவாயில் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஆனால் அந்த எட்டுக்கு நாலு அளவுக்கும் ரயிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ப்ளைவுட் ஷீட் அந்த அளவில் விற்கிறது, அவ்வளவுதான். மரக்கடைக்காரர் தீர்மானித்த அளவு.

அந்தப் பலகையைச் சென்னை அடுக்குமாடி வீட்டின் பத்துக்குப் பதினொன்று படுக்கையறையில் வைத்துப் பாருங்கள். ஆளின் கை எட்டும் தூரம் இரண்டரை அடி. சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்பக்க மூலை எட்டாது. வண்டி தடம் புரள்வதோ எப்போதும் பின்பக்க மூலையில்தான். அதனால் சுற்றிலும் இரண்டடி விட வேண்டும். அப்படி விட்டால் பன்னிரண்டுக்கு எட்டடி தரை வேண்டும். கட்டில் எங்கே போகும்?

சரி, இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன ஓடும்? நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு ஆசை நீளமான எக்ஸ்பிரஸ் மேல்தான். எல்.எச்.பி. ரகப் பயணிகள் பெட்டி ஒன்று 23.54 மீட்டர். 1:87 அளவில், அதாவது எச்.ஓ.வில், 27 செ.மீ. 22 பெட்டி கோர்த்தால் கிட்டத்தட்ட 6 மீட்டர். எட்டுக்கு நாலு பலகையில் அரை மீட்டர் ஆரத்தில் வளைத்து ஒரு சுற்றுப் போட்டால் மொத்தத் தண்டவாளமே ஐந்தரை மீட்டர் சொச்சம். வண்டியை முழுசாகக் கோர்த்தால் இன்ஜின் தன் கார்டு பெட்டியையே பின்னாலிருந்து முட்டும். ஆறு பெட்டியோடு நிறுத்திக்கொண்டாலும் அந்த வளைவில் பெட்டியின் வயிறு தண்டவாளத்துக்கு உள்ளேயும் முனைகள் வெளியேயும் துருத்திக்கொண்டு நிற்கும். இத்தனைக்கும் பிறகு அது செய்யும் வேலை சுற்றுவது ஒன்றுதான். ஒரு வாரம் பார்க்கலாம். பிறகு பலகை மேல் துணி மடித்து வைக்கத் தொடங்குவார்கள்.

ரயிலுக்கு ஓட்டத்தைவிட வேலை முக்கியம் என்பது என் கட்சி. வேலை கொடுத்தால் நாலடிக்கு ஒரு அடி போதும்.

பதினோரு இடம், எட்டு வேகன்

இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் வடிவமைத்த 'இங்கிள்நூக் சைடிங்ஸ்' என்ற லேஅவுட் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குப் பழக்கம்தான். மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைத் தண்டவாளம்), இரண்டு பாயின்ட் (தண்டவாளம் பிரிந்து தடம் மாறும் இடம்), ஒரு ஷண்டிங் நெக் (வேகன்களைப் பிரித்துக் கோர்க்க இன்ஜின் முன்னும் பின்னும் போய்வரும் துண்டு). நீளமான சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. நெக்கில் இன்ஜினோடு மூன்று வேகன் மட்டுமே அடங்க வேண்டும். நாலாவதுக்கு ஒரு அங்குலம்கூட இடம் விடக்கூடாது. மொத்தம் எட்டு வேகன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. குலுக்கி ஐந்து சீட்டு எடுத்து, எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகனையும் நீளமான சைடிங்கில் கோர்த்து நிறுத்த வேண்டும். வேகனைக் கையால் தூக்கக் கூடாது.

எட்டிலிருந்து ஐந்தை வரிசைப்படுத்த 6,720 வழி இருக்கிறது. தினம் ஒன்று என்று ஆடினாலும் பதினெட்டு வருஷம். ஒரு ஆட்டம் பத்து நிமிஷத்திலும் முடியும், அரை மணியையும் விழுங்கும். சைடிங்குகளில் பதினோரு இடம், வேகன் எட்டு. காலியாக இருக்கும் அந்த மூன்று இடத்தில்தான் மூளைக்கு வேலை. வேண்டிய வேகன், தண்டவாள முடிவில் இருக்கும் முட்டுக்கட்டைக்குப் பக்கத்தில் கடைசியாக நிற்கும். முன்னால் நிற்கும் இரண்டும் வேண்டாதவை. மூன்றையும் நெக்குக்கு இழுத்தால் நெக் நிரம்பிவிடும். நுனியில் இருக்கும் வேண்டிய வேகனை ஒரு சைடிங்கில் விட்டுவிட்டு, வேண்டாத இரண்டை இன்னொன்றில் தள்ள வேண்டும். அங்கே இரண்டு இடம் காலியாக இருக்கிறதா என்பதை மூன்று நகர்வுக்கு முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

அளவைச் சரியாக வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓ.ஓ. அளவில், அதாவது 1:76-இல், நாலு சக்கர வேகன் ஒன்று கப்ளிங்கோடு (வண்டிகளைக் கோர்க்கும் கொக்கி) சேர்த்துச் சுமார் 80 மி.மீ. வரும். ஐந்துக்கு 400, மூன்றுக்கு 240. ஆறு சக்கர ஷண்டிங் இன்ஜின் 120 என்று வைத்தால் நெக் 360. பெக்கோ நிறுவனத்தின் சின்ன ஆரப் பாயின்ட் 185 மி.மீ. எல்லாவற்றையும் கூட்டி, கட்டைகளுக்கும் கொஞ்சம் விட்டால் 1.2 மீட்டரில் அடங்கிவிடும். ஆனால் காகிதக் கணக்கை நம்பித் தண்டவாளத்தை ஒட்டிவிடக் கூடாது. கையில் இருக்கும் வேகன்களையும் இன்ஜினையும் கோர்த்துப் பலகை மேல் வைத்து, கப்ளிங்கை இழுத்துப் பிடித்த நிலையில் அளந்து, பிறகு கட்டையின் இடத்தைக் குறிக்க வேண்டும். சைடிங்கின் நீளத்தைப் பாயின்டின் முனையிலிருந்து எண்ணுவதும் தப்பு. பக்கத்து லைனில் போகும் வண்டி உரசாமல் போகிற இடத்திலிருந்துதான் எண்ண வேண்டும். நிஜ யார்டில் ஃபவுலிங் மார்க் நட்டிருப்பார்களே, அதே கணக்கு. நெக் ஒரு வேகன் அளவு நீண்டுவிட்டால் புதிரே செத்துப்போகும், எல்லாம் சுலபமாகிவிடும்.

இரண்டு சென்டிமீட்டர் பிளாஸ்டிக்

இவ்வளவு சிறிய லேஅவுட்டைக் கட்டியும் பாதியில் கைவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றே: "இன்ஜின் நின்னு நின்னு போகுது." உடனே இன்ஜினைச் சந்தேகிப்பார்கள். புது இன்ஜின் வாங்குவார்கள், டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறுவார்கள், அதுவும் நின்று நின்றே போகும். குற்றவாளி பாயின்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங், மாடல்காரர்கள் ஃப்ராக் என்று சொல்லும் அந்தத் துண்டு.

வட்டத்தில் ஓடும் வண்டிக்கு இது பிரச்சினையே இல்லை. வேகத்தில் தாண்டிவிடும். ஷண்டிங் வேறு. நம் ரயில்வேயில் ஷண்டிங் வேகம் மணிக்கு 15 கி.மீ.க்குள். ஓ.ஓ. அளவில் அது நொடிக்கு ஐந்தரை செ.மீ. வேகனைக் கோர்க்க நெருங்கும்போது ஆள் நடக்கும் வேகம். அது நொடிக்கு இரண்டு செ.மீ. கூட இல்லை. இன்சுல்ஃப்ராக் என்று விற்கும் பாயின்டில் அந்தக் கிராசிங் பிளாஸ்டிக். மின்சாரம் இல்லாத பகுதி ஓரிரு சென்டிமீட்டர்தான். நடக்கும் வேகத்தில் அதைத் தாண்ட ஒரு நொடிக்கு மேல் ஆகும். நாலு சக்கர இன்ஜினில் ஒரு சக்கரம் பிளாஸ்டிக்கில் நின்றால் அந்தப் பக்கத்தில் மின்சாரம் எடுக்க மிஞ்சுவது ஒரே சக்கரம். அதன் அடியில் ஒரு தூசி இருந்தால் முடிந்தது கதை. விரல் வந்து இன்ஜினைத் தள்ளும். ஒரு ஆட்டத்தில் இரண்டு பாயின்டையும் எத்தனை முறை கடக்கிறோம் என்று எண்ணினால், விரல் எத்தனை முறை வர வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிடும்.

ஆகவே கிராசிங் உலோகமாக இருக்க வேண்டும். பெக்கோவில் எலெக்ட்ரோஃப்ராக், இப்போது வரும் யூனிஃப்ராக், இரண்டில் எதுவானாலும் சரி. எலெக்ட்ரோஃப்ராக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டாலும் ஓடும். பாயின்டில் நகரும் ரெயிலான பிளேடின் நுனி, நகராத வெளி ரெயிலான ஸ்டாக் ரெயிலைத் தொடுவதால் ஃப்ராக்கிற்கு மின்சாரம் வந்துவிடுகிறது. இதை நம்பி விட்டுவிடுவதுதான் ஆபத்து. புதிதில் அருமையாக ஓடும். சில மாதம் கழித்து, ஜல்லி ஒட்டிய பசையோ பெயின்ட்டோ ஈரக்காற்றின் படிவோ அந்த நுனியில் சேர்ந்ததும், நேற்றுவரை ஓடிய இடத்தில் இன்று நிற்கும். தண்டவாளத்தை எவ்வளவு துடைத்தாலும் சரியாகாது; அழுக்கு இருப்பது பிளேடின் பக்கவாட்டில்.

ஃப்ராக்கிற்குத் தனி வயர் கொடுத்து, பாயின்டை மாற்றும்போதே போலாரிட்டியையும் (பாசிட்டிவா, நெகட்டிவா என்பதை) மாற்றும் சுவிட்ச் ஒன்று வைப்பதுதான் நிரந்தர வைத்தியம். டார்ட்டாய்ஸ் மாதிரி மெதுவாக நகரும் மோட்டாரில் அதற்கான தொடர்பு உள்ளேயே இருக்கிறது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இரண்டு பாயின்டுக்கு மோட்டார் வீண் செலவு. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண ஸ்லைடு சுவிட்ச் போதும். பலகைக்கு அடியில் சுவிட்சைத் திருகி, அதன் குமிழில் துளை போட்டு, 0.8 மி.மீ. ஸ்பிரிங் கம்பியை மேலே நீட்டி, பாயின்டின் இரண்டு பிளேடையும் இணைக்கும் டை பாரில் மாட்ட வேண்டும். சுவிட்சின் நகர்வு பிளேடின் நகர்வைவிட அதிகம். அந்த மிச்சத்தைக் கம்பியின் வளைவு வாங்கிக்கொள்ளும். விறைப்பான கம்பி போட்டால் டை பார் பிய்ந்துவிடும். சுவிட்சின் நடுக்காலில் ஃப்ராக் வயர், இரு பக்கத்துக் கால்களில் இரண்டு ரெயிலின் வயர்கள். விதி ஒன்றுதான்: மூடிய பிளேடு எந்த ஸ்டாக் ரெயிலைத் தொட்டு நிற்கிறதோ, அந்த ரெயிலின் போலாரிட்டிதான் ஃப்ராக்கிற்கும். மாற்றிக் கொடுத்துவிட்டால் ஷார்ட் ஆகும். இன்ஜினை ஏற்றும் முன் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து இரண்டு நிலையிலும் சோதித்துவிடலாம்.

இதோடு மறக்கக் கூடாதது: ஃப்ராக்கிலிருந்து வெளியே போகும் இரண்டு ரெயிலிலும், மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் ஜாயினர் (ரெயில் இணைப்பி). ஒரு பாயின்டுக்கு இரண்டு, மொத்தம் நாலு. அதற்கப்பால் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் கீழிருந்து தனி வயர். உலோக ஜாயினர் தண்டவாளத்தை நேராகப் பிடிக்க மட்டும்தான். மின்சாரம் கடத்துவது அதன் வேலை என்று நம்பினால் ஆறாவது மாதம் அது கைவிடும். அடியில் மெயின் வயராக வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. தாராளம். தண்டவாளத்துக்கு ஏறும் வயர் 0.2-லிருந்து 0.5 வரை.

சால்டர் வைப்பதில் நிதானமாகச் செய்தால் ஸ்லீப்பர் உருகும். ரெயிலின் வெளிப்பக்கத்தைச் சின்ன அரத்தால் பளபளவென்று தேய்த்து, ரெயிலிலும் வயரிலும் தனித்தனியே ஈயம் பூசிக்கொண்டு, 40 வாட்டுக்குக் குறையாத, அகல நுனி உள்ள சால்டரிங் அயர்னால் இரண்டு மூன்று நொடி தொட்டு எடுத்துவிட வேண்டும். இருபுறமும் ஈர டிஷ்யூவை வைத்தால் சூடு பரவாது. ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும். ஆசிட் ஃப்ளக்ஸ் போட்டால் பச்சை பூத்து வயரை அரிக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை. கன்ட்ரோலரை இன்ஜின் நகரத் தொடங்கும் மிகக் குறைந்த அளவில் வைத்து, நெக்கிலிருந்து கடைசி சைடிங்வரை விடுங்கள். இன்ஜின் முதல் பாயின்டின் கிராசிங்கில் ஏறும்போது லேசாகக்கூடத் தயங்காமல், கனெக்டிங் ராடு அதே சீரில் சுழன்றுகொண்டே இறங்கினால், அந்த லேஅவுட் பிழைத்துக்கொண்டது. மலையும் மரமும் வீடும் அப்புறம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வராவிட்டாலும் நஷ்டமில்லை. சோதனையில் தோற்ற லேஅவுட்டுக்கு எவ்வளவு அழகாக மரம் நட்டாலும் அது காட்சிப் பொருள்தான்.

எடை, கப்ளிங், துடைப்பு

அடுத்த தொல்லை, பின்னால் தள்ளும்போது வேகன் தடம் புரள்வது. பெரும்பாலும் எடைதான் காரணம். அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி எச்.ஓ. வண்டிக்கு ஒரு அவுன்ஸும், நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும். மூன்று அங்குல வேகனுக்கு இரண்டரை அவுன்ஸ், சுமார் 70 கிராம். குட்டி நாலு சக்கர வேகனுக்கு அது கொஞ்சம் அதிகம். அச்சுக்கு 25 கிராம் என்று வைத்து 50 கிராமில் நிறுத்தினால் சின்ன இன்ஜினும் சிரமப்படாது. எத்தனை என்பதைவிட எட்டு வேகனும் ஒரே எடையில் இருப்பது முக்கியம். டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் 5 கிராம் துண்டுகள் இதற்கென்றே செய்தவைபோல் பொருந்தும். ஈயமில்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள், குழந்தைகள் கைபடும் சாமான் இது. எடை சரியாக இருந்தும் இறங்கினால் சக்கரங்களின் உள் இடைவெளியைப் பாருங்கள், ஓ.ஓ.வில் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்திருந்தால் கிராசிங்குக்கு எதிரே சக்கரத்தை வழிநடத்தும் செக் ரெயிலில் ஏறிக் குதிக்கும்.

கப்ளிங்குக்கு, காந்தத்தால் பிரியும் கேடீ நிறுவன வகையை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள், நானும்தான். ஆனால் அதற்கான காந்தத்தைத் தண்டவாளத்துக்கு நடுவில் பதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரும்பு அச்சு உள்ள லேசான வேகன்களைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். விட்ட இடத்தில் நிற்காமல் தானாக உருளும். ஒரு அடி அகலப் பலகையில் கை எட்டாத இடமே இல்லை. கூரான மூங்கில் குச்சியைக் கப்ளிங் நடுவில் மேலிருந்து விட்டு லேசாகத் திருகினால் பிரிந்துவிடும். எட்டு வேகனிலும் இன்ஜினிலும் கப்ளிங் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கேடீயின் 205-ஆம் எண் அளவியால் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் தானாக நடக்கும்.

துடைப்பது பற்றி ஆளுக்கொரு கட்சி. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் அழுக்கை நன்றாக எடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது போலார் கரைப்பான், அதாவது அதன் மூலக்கூறில் மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மண்ணெண்ணெயும் பெயின்ட் கடை டர்பன்டைனும் அப்படி அல்ல, அவற்றால் துடைத்த தண்டவாளம் சீக்கிரம் கறுப்பதில்லை என்பது இப்போது பலர் கைக்கொள்ளும் வழி. ஆல்கஹாலால் ஒருமுறை நன்றாகக் கழுவி, பிறகு டர்பன்டைன் தொட்ட துணியால் மெலிதாகத் துடைத்து, உலர்ந்த துணியால் எடுத்துவிடுவது எனக்குச் சரியென்று படுகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அயர்ன் சூடாக இருக்கக் கூடாது. உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம்; அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். தண்டவாளத்தைத் துடைத்து இன்ஜின் சக்கரத்தை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. கரைப்பான் தொட்ட டிஷ்யூவைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, இன்ஜினின் பாதிச் சக்கரங்களை அதன் மேலும் மீதியை வெறும் ரெயிலிலும் வைத்துப் பிடித்தபடி ஓடவிட்டால் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை செய்ய வேண்டும்.

கடற்கரை ஊரில் பலகை

வெயிலில் ரெயில் நீண்டு வளைந்துவிடும் என்று பயந்து பெரிய இடைவெளி விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 914 மி.மீ. நீள நிக்கல் சில்வர் ரெயில், 15 டிகிரி ஏறினால் கால் மி.மீ.கூட நீளாது. வளைவதற்குக் காரணம் ரெயிலல்ல, அடியில் இருக்கும் மரம். ஐப்பசியில் ஈரம் குடித்து ஊதுகிறது, சித்திரையில் சுருங்குகிறது. தண்டவாளம் பாவம், இடம் போதாமல் நெளிகிறது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் ப்ளை 9 மி.மீ. வாங்கி, மேல், கீழ், முக்கியமாக நாலு விளிம்பு, திருகு போட்ட ஓட்டை எல்லாவற்றிலும் இரண்டு கை பிரைமர் அடித்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அடியில் 70 மி.மீ. உயரச் சட்டம் அடித்தாலும் ஒருவரே தூக்கிப் பீரோ மேல் வைத்துவிடலாம். வைக்கும்போது பருத்தித் துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் ஷீட் ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

ஜல்லிக்குச் சலித்த மணல் போதும், ஆனால் முதலில் ஒரு காந்தத்தை அதில் துழாவி எடுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் துகளெல்லாம் இன்ஜின் மோட்டாருக்குள் போயிருக்க வேண்டியவை. டை பார் பக்கத்தில் ஃபெவிகால் தண்ணீர் ஒரு சொட்டும் போகக் கூடாது. அங்கே முன்னதாகவே துளி எண்ணெய் விட்டுவைப்பது நல்லது.

நம் ஊர்க் காட்சி வேண்டுமென்றால் இந்த வடிவம் பழைய கூட்ஸ் ஷெட்டுக்கு அப்படியே பொருந்தும். 1980-களில் முழு ரேக்காக, அதாவது முழு வண்டியாக மட்டும் சரக்கு எடுக்கத் தொடங்குவதற்கு முன், சின்ன ஊர் ஸ்டேஷன்களில் உர மூட்டைக்கு ஒரு வேகன், சிமென்ட்டுக்கு இரண்டு என்று கழற்றி விடுவதும் கோர்ப்பதும்தான் அன்றாட வேலை. அகலப்பாதையாகச் செய்தால் 1,676 மி.மீ. அகலம் 1:87-இல் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5. பார்த்ததும் தெரிகிற வித்தியாசம் அது. மீட்டர் கேஜ் என்றால் வர வேண்டியது 11.5, கிடைப்பது 12 மி.மீ. தண்டவாளம். கண்ணுக்கு உறுத்தாது. தென்னிந்தியக் கூட்ஸ் ஷெட் செய்ய நினைப்பவர்கள் மீட்டர் கேஜை யோசிக்கலாம். வேகன்களைக் கையால்தான் செய்ய வேண்டியிருக்கும், அது தனிக் கதை.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஐந்து-மூன்று-மூன்றில் தொடங்க வேண்டாம். மூன்று-இரண்டு-இரண்டு என்று ஒரு சின்ன வடிவம் உண்டு: ஐந்து வேகன், அதில் மூன்றை வரிசைப்படுத்த வேண்டும், நெக்கில் இன்ஜினோடு இரண்டு. மொத்தம் 60 வழிதான். அதே பலகையில், அதே பாயின்ட்களில், கட்டைகளை நகர்த்தி வைத்தே இதை ஆடலாம். அதனால் கட்டைகளை முதலிலேயே ஒட்டிவிடாதீர்கள்.